ஏழு "ஆம்", ஒரு "இல்லை"

முதல் கேள்விக்கே தெலு "இல்லை" என்றாள்.

கிதான் தாமோவில் வெயில் அப்போதுதான்
மண்குதிரின் கழுத்துவரை ஏறியிருந்தது.
உள்ளே கம்பு இல்லை.
வாயடைத்த தகரத்தைக் கோழியொன்று கொத்தியது,
தன் சத்தத்தைத் தானே கேட்டுவிட்டு
நகர்ந்துபோனது.

தஸல்லா மறுபடி படித்தாள்,
பயிற்சியில் சொன்னபடி
ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
பணமோ வேறு வழியோ இல்லாததால்
சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று
கவலைப்பட்டது உண்டா?

"அதான் இல்லை என்றேனே."

திரையில் நான்கு கட்டங்கள்:
ஆம். இல்லை. தெரியாது. சொல்ல விருப்பமில்லை.
இரண்டாவதைத் தொட்டாள். பச்சையானது.

அப்புறம் கேள்விகள்
கிணற்றுப் படிபோல் இறங்கின.
சத்தானதை உண்ண முடியாமல்? ஆம்.
ஒன்றிரண்டு வகையே திரும்பத் திரும்ப? ஆம்,
அதுவும் கொஞ்ச நாள்தான்.
ஒரு வேளையை விட்டது? ஆம்.
வேண்டியதைவிடக் குறைவாக?
தெலு சிரித்தாள்.
சிரிப்புக்குக் கட்டம் இல்லை. ஆம்.
வீட்டில் உணவே தீர்ந்துபோனது?
கோழியைக் கேள்.
பசித்தும் உண்ணாமல்?

அவர்கள் பேச்சில்
பசியைக் காதால் கேட்பதும் உடலால் உணர்வதும்
ஒரே வினைச்சொல்.
"கேட்டது," என்றாள். "முதலில் நன்றாகக் கேட்டது.
பிறகு காதை அடைத்துவிட்டது."
ஆம்.

ஒரு நாள் முழுக்க, ஒன்றுமே?
"எந்த நாளைச் சொல்கிறாய்?"
ஆம்.

*

ரோம் நகரத்தில், நான்காம் மாடியில்,
ஒர்நெல்லாவின் அட்டவணையில்
அந்த வரி சிவப்பாய் எழுந்தது.
கவலையே படாதவள்
எப்படி முழுப் பட்டினிவரை போனாள்?
கவலை முதல் படி. பட்டினி கடைசிப் படி.
படியை மிதிக்காமல் ஆழத்தில் நிற்கிறாள் ஒருத்தி.
கைத்தவறு என்று நீக்கலாம்.
அவள் நீக்கவில்லை. நல்ல பெண்.
தேநீரை ஆறவிட்டு
நெடுநேரம் அந்த ஒற்றை "இல்லை"யைப் பார்த்திருந்தாள்.
பிறகு கூட்டல் தன் வேலையைச் செய்தது.
ஏழு.

லிமாவின் மலைச்சரிவில்
மின்சாரம் வெட்டப்பட்ட அறையில்
எலியோதோரோவுக்கும் ஏழு.
அவன் இரவெல்லாம் கவலைப்பட்டவன்.
தக்காளி மூட்டை இறக்கும் இடத்தில்
நசுங்கியது ஏதாவது கிடைத்துவிடும் என்பதால்
எட்டாவதற்கு மட்டும் "இல்லை" சொன்னவன்.
அவளுக்கு முதலாவது இல்லை, அவனுக்குக் கடைசி இல்லை.
நாடுகளை ஒரே கோலில் அளக்க
ஏழும் ஏழும் சமமாகத்தான் வேண்டும்.
வேறு எப்படி அளப்பது,
எனக்கும் தெரியவில்லை.
ஒரே வாசலில் இருவரும் எதிர்ப்பட்டால்
யார் யாருக்கு வழிவிடுவார்கள்
என்று மட்டும் யோசிக்கிறேன்.

*

படிவம் முடிந்தபின்,
விதியை மீறி, தஸல்லா கேட்டாள்:
"கவலையே படவில்லையா, உண்மையாகவா?"

தெலு சட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.
அன்ஸாக் காய்கள், மஞ்சளாய், நீருக்குள்.
பஞ்சம் வந்தால் மட்டும் காட்டிலிருந்து வீட்டுக்கு வரும் காய்.
ஊறவேண்டும், தண்ணீர் மாற்றவேண்டும்,
மறுபடி ஊறவேண்டும்.

"கவலை விதைத்தவளுக்கு," என்றாள்.
"மழை வருமா, வராதா.
நான் விதைக் கம்பையே வறுத்துத் தின்றேன்.
அன்றிரவே எல்லாம் தெரிந்துவிட்டது.
தெரிந்ததற்கு என்ன கவலை?"

திரை கேட்டது:
பேட்டியில் இடையூறு ஏதேனும்?
மழை. குழந்தை அழுகை. தொலைபேசி. அயலார். மற்றவை.
தஸல்லாவின் விரல் கொஞ்சம் நின்றது.

தெலு ஒரு காயை எடுத்து
அவள் உள்ளங்கையில் வைத்தாள்.
தஸல்லா கடித்தாள். முகம் சுருங்கியது.

"இது மூன்றாம் தண்ணீர்," என்றாள் தெலு.
"இன்னும் ஒரு நாள் இருக்கிறது."